ரயிலில் கேட்ட சினிமா

பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் போகும் காலைப் பாசஞ்சரில் தூங்காத கூட்டம் ஒன்று உண்டு. மற்ற பெட்டிகளில் வேலைக்குப் போகிறவர்கள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, விட்ட தூக்கத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கடைசிக்கு முந்தின பெட்டியில் மட்டும் சண்டை நடக்கும். சண்டை சினிமாவைப் பற்றியது. வெள்ளிக்கிழமை வந்த படத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் கூட்டத்தில் யாராவது பார்த்திருப்பார்கள். திங்கள் காலை அதை எடுத்துப் போட்டு உதறி, திருவனந்தபுரம் ஸ்டேஷன் வருவதற்குள் தேறுமா தேறாதா என்று சொல்லி முடித்துவிடுவார்கள். தமிழ்ப் படம், மலையாளப் படம் என்ற பேதமெல்லாம் கிடையாது. ஒரு வாரம் நெய்யாற்றின்கரையில் பார்ப்பார்கள், அடுத்த வாரம் கேரள எல்லை தாண்டி மார்த்தாண்டத்துக்குப் போவார்கள். பேச்சும் அப்படித்தான். ஒரே வாக்கியத்தில் ரெண்டு பாஷையும் புரளும்.

அந்தக் கூட்டத்தின் நடுநாயகம் ஜெபகுமாரி. திருவனந்தபுரத்தில் தம்பானூருக்குப் பின்னால் ஒரு சந்தில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கும் இடத்தில் வேலை. பாறசாலைக்குக் கிழக்கே வீடு. புருஷன் விஜயதாஸ் எர்ணாகுளத்தில் டைல்ஸ் பதிக்கப் போனவர், மாதத்துக்கு ஒருதரம் வருவார். மகள் எப்சி காலேஜில் படிக்கிறாள்.

மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். சஜி செல்போன் கடையில் நிற்கிற பையன். அவனுடைய நடிகரைக் குறை சொன்னால் ரயிலை நிறுத்திவிடுவான் போலிருக்கும். சுமி ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். மெதுவாகப் போகிற, மழை பெய்கிற படம் என்றால் உயிர். சதாசிவன் கோர்ட்டில் அட்டெண்டர், ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. கெட்டவன் கடைசியில் ஜெயிலுக்குப் போகாத படத்தை அவர் படமாகவே ஒத்துக்கொள்வதில்லை.

"எலே சஜி, நீ படம் பாத்தியா, இல்ல உனக்க ஆளு வந்தப்போ பேப்பர் கிழிச்சுப் போட்டோண்டு நின்னியா?"

"படம் வேற லெவல் ஆக்கும் அண்ணா. உங்களுக்கு வயசாயிட்டு."

இப்படி அடித்துக்கொண்டிருக்கும்போது யாராவது சொல்வார்கள்: "ஜெபா சொல்லட்டு."

அவள் மெதுவான குரலில்தான் பேசுவாள். தண்டவாளத்தின் இரைச்சலில் அவள் சொல்வது கேட்க எல்லோரும் தலையை முன்னால் நீட்ட வேண்டும். "எல்லாம் செரி. அந்த அம்மைக்காரி சோறு போடும்போ மகனுக்க மொகத்தைப் பாக்கவே இல்ல, கெவனிச்சியளா? அங்க வச்சே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அவளுக்கு எல்லாம் தெரியும்னு." சஜி வாயை மூடிக்கொள்வான். சதாசிவன், "அது நான் காணல்லியே" என்பார். சுமி அதை அப்படியே செல்போனில் தட்டி, கூட்டத்தின் வாட்ஸாப் குழுவில் போட்டுவிடுவாள்.

இதெல்லாம் கேட்க அழகாக இருக்கும். ஆனால் ஜெபகுமாரிக்கு ஒவ்வொரு திங்கட்கிழமையும் பயமாக இருந்தது. காரணம் அவளுக்கு மட்டுமே தெரியும். தியேட்டரில் அவளுக்கு வசனம் கேட்பதில்லை.

முதலில் அவள் தியேட்டரைத்தான் குறை சொன்னாள். ஸ்பீக்கர் சரியில்லை என்றாள். பிறகு, இப்போதைய நடிகர்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்றாள். அதைத்தான் ஊரில் பாதிப் பேர் சொல்கிறார்களே, யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டின் தாளம் நெஞ்சில் இடிப்பது தெரியும். அடிதடி தெரியும். ஆனால் ரெண்டு பேர் ஒரு அறைக்குள் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தால், கண்ணாடிக்குப் பின்னால் ஆள் நிற்பதுபோல உதடு அசைவது மட்டும்தான் தெரியும். அப்போது அவள் முகத்தைப் பார்ப்பாள், கையைப் பார்ப்பாள், யார் யாரைப் பார்க்காமல் திரும்புகிறார்கள் என்று பார்ப்பாள். மீதிக் கதையை அவளே கட்டிக்கொள்வாள். திங்கட்கிழமை காலை சஜியும் சதாசிவனும் கத்தும்போதுதான் படத்தில் உண்மையில் என்ன நடந்தது என்பது அவளுக்குத் தெரியவரும். அதைக் கேட்டு, தன் கதையில் பொருந்தாததை ஒதுக்கிவிட்டு, பொருந்தினதை மட்டும் மெதுவாகச் சொல்வாள்.

ஒரு தடவை மட்டும் மாட்டிக்கொள்ளப் பார்த்தாள். அண்ணன் தம்பி படம் ஒன்று வந்தது. துபாயிலிருந்து வந்த அண்ணன் பழைய வீட்டை விற்கப் பார்க்கிறான், தம்பி மறுக்கிறான். ஜெபகுமாரி அது தெரியாமல், அண்ணன் தம்பியிடம் மன்னிப்புக் கேட்க வந்தவன் என்று நினைத்துக்கொண்டு, யாரும் வாய் திறக்கும் முன்னாலேயே சொல்லிவிட்டாள். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவளுக்குக் காது மடல் சுட்டது. சுமி சொன்னாள்: "அக்கா சொல்லுதது செரியாக்கும். விக்கணும்னு வாயால சொல்லுதான். ஆனா வந்தது மன்னிப்புக் கேக்கத்தான்." அதோடு அது பெரிய கண்டுபிடிப்பாகிவிட்டது. வாட்ஸாப்பில் ரெண்டு நாள் அதைப் பற்றியே பேச்சு. தூங்கப் போகும்போது ஜெபகுமாரிக்குத் தான் ஒரு திருடி என்று தோன்றியது.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றால், அதற்குக் காரணம் அவளுடைய அம்மா ஞானபாய். ஜெபகுமாரி சிறுபிள்ளையாக இருந்தபோதே அம்மாவுக்குக் காது மங்க ஆரம்பித்துவிட்டது. ஊரில் அவர்கள் வீட்டுக்குச் 'செவிடிக்க வீடு' என்றே பெயர் விழுந்தது. அந்தப் பெயர்கூடப் பரவாயில்லை. நாளாக ஆக, அம்மாவிடம் யாரும் எதையும் முழுதாகச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். சோறு ஆயிற்றா, மழை வருது, துணியை எடு. அவ்வளவுதான். அடுத்த வீட்டில் நடந்த கல்யாணச் சண்டையை, சர்ச்சில் நடந்த கூத்தை, ஒரு சிரிப்பை யாரும் அம்மாவுக்காகத் திருப்பிச் சொல்லவில்லை. ஜெபகுமாரியும் சொல்லவில்லை. அம்மா கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து, மற்றவர்கள் சிரிக்கும்போது கொஞ்சம் பிந்திச் சிரிப்பாள். அந்தப் பிந்தின சிரிப்பு இப்போது தன் முகத்தில் வருவதை ஜெபகுமாரி அறிந்திருந்தாள்.

வீட்டில் எப்சியோடு தினமும் தகராறு. "நான் விளிச்சா நீ கேக்காத மாதிரி போற. என்மேல என்ன கோவம் உனக்கு?" என்று மகள் குறைப்படுவாள். தையல் கூடத்திலோ மிஷின் சத்தத்தில் எல்லோரும் கத்தித்தான் பேசியாக வேண்டும், அங்கே ஒரு பிரச்சினையும் இல்லை. ரயிலில் அதைவிட நன்றாகக் கேட்டது. சக்கரம் தடதடக்க, வடைக்காரன் கூவ, சஜி கத்த, ஒரு சொல் விடாமல் அவள் காதில் விழும். இது அவளுக்கே விளங்கவில்லை. சந்தடியில் கேட்கிறது, அமைதியில் கேட்கவில்லை. இப்படி ஒரு செவிடு உலகத்தில் உண்டா? சில நாள், தான்தான் எதையோ கற்பனை பண்ணிக்கொள்கிறோமோ என்று நினைப்பாள்.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் ஒரு கோர்ட் படம் வந்தது. சதாசிவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "எனக்க டிப்பார்ட்மென்ட் ஆக்கும். எல்லாரும் சேர்ந்து போவோம்" என்றார். இத்தனை காலம் அவரவர் தனியாகப் பார்த்துவிட்டு வந்து பேசுவார்களே தவிர, சேர்ந்து போனதில்லை. சஜி டிக்கெட் போட்டான். ஞாயிறு, நெய்யாற்றின்கரை, மதியக் காட்சி. ஜெபகுமாரி, சர்ச்சில் கூட்டம் உண்டு என்றாள், எப்சிக்குக் காய்ச்சல் என்றாள். ஒன்றும் எடுபடவில்லை. "நீ இல்லாம என்ன பிள்ளே படம்?" என்று சதாசிவன் சொன்னபோது, வருகிறேன் என்றுவிட்டாள்.

படம் முழுக்கப் பேச்சு. கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் எழுந்து பேசுகிறார்கள், உட்காருகிறார்கள். தியேட்டரே சிரித்தது, கை தட்டியது. ஜெபகுமாரி ஒவ்வொரு தடவையும் சுமியின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுச் சிரித்தாள். வேர்த்துக் கொட்டியது. இன்னொரு பக்கத்து இருக்கையில் சதாசிவன்.

பாதிப் படத்தில் சதாசிவன் அவள் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். வக்கீலைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். மறுபடியும் ஏதோ சொன்னார். அவள் மறுபடியும் தலையாட்டிவிட்டுத் திரையைப் பார்த்தாள். அவர் எழுந்து, முன்னிருக்கைகளைப் பிடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். பாத்ரூமுக்குப் போகிறார் என்று அவள் நினைத்தாள்.

இடைவேளை விளக்கு எரிந்தபோது அவர் இருக்கை காலியாகவே இருந்தது. வெளியே வந்து பார்த்தால், பாப்கார்ன் கடைக்குப் பக்கத்தில் கூட்டம். சதாசிவன் தரையில் கிடந்தார். சட்டை வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கடைக்காரர் அவர் வாயில் மாங்காய் ஜூஸைப் புகட்டிக்கொண்டிருந்தார். சஜி ஓடிப் போய் ஆட்டோ பிடித்தான்.

ஆஸ்பத்திரியில் ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏறினதும் சதாசிவனுக்குக் கண் தெளிந்தது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், படத்துக்கு நேரமாகிறது என்று மத்தியானச் சோறு தின்னாமல் வந்திருக்கிறார். சர்க்கரை இறங்கிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

சதாசிவன் கட்டிலில் படுத்தபடி ஜெபகுமாரியைப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை. "பிள்ளே, எனக்குக் கண்ணு இருட்டிட்டு வருது, பையில மிட்டாயி வல்லதும் உண்டான்னு ரெண்டு தவண கேட்டேன். நீ சிரிச்சோண்டு தலையாட்டின. உண்டுன்னு நெனச்சு கையை நீட்டிட்டு இருந்தேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பையில் சர்ச்சில் கொடுத்த பிறந்தநாள் மிட்டாய்கள் கிடந்தன. ஜெபகுமாரி கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் கேக்கல்ல அண்ணா."

"பக்கத்துல இருந்துட்டா?" என்றான் சஜி.

"எனக்குக் காது கேக்காது. தியேட்டர்ல நான் ஒரு படமும் கேட்டதில்ல. ரொம்ப நாளாச்சு."

சஜிக்கு முகம் சிவந்தது. சதாசிவனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினவன் அவன். அந்தப் பயம் இன்னும் அவன் உடம்பை விட்டுப் போகவில்லை. "கள்ளம் சொல்லாதிங்க அக்கா. தெனமும் டிரெயின்ல அவ்வளவு இரைச்சல்ல நாங்க பேசுதது முழுக்க உங்களுக்குக் கேக்கும். காதோட காதா சொன்னது கேக்காதோ? படத்துல லயிச்சு இருந்தேன்னு நேராச் சொன்னா ஆரும் உங்களைக் கொல்லப் போறதில்ல."

"சஜி, சும்மா இரி" என்றார் சதாசிவன். ஆனால் அவர் கண்ணிலும் அந்தக் கேள்வி இருந்தது. சஜி கேட்டதுதானே ஜெபகுமாரிக்கும் விளங்காதது. சுமி கூப்பிடக் கூப்பிட, ஆஸ்பத்திரிப் படி இறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டாள்.

மறுநாள் முதல் அவள் ரயிலுக்குப் போகவில்லை. பாறசாலையிலிருந்து பஸ் ஏறினாள். பஸ்ஸிலும் நன்றாகக் கேட்டது. பின் இருக்கையில் ரெண்டு பெண்கள் மாமியார் கதை பேசினார்கள், ஒரு சொல் விடாமல் கேட்டது. கேட்கக் கேட்க அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. சஜி சொன்னது சரிதானோ? நான் ஒரு நல்ல மனிதரைச் சாகக் கொடுக்கப் பார்த்துவிட்டு, காது மேல் பழி போடுகிறேனோ? வாட்ஸாப் குழுவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கோர்ட் படத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை என்பதும் அதனால் அவளுக்குத் தெரியாது.

அந்த வாரக் கடைசியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் தையல் கூடத்துக்குச் சுமி வந்தாள். வந்தவள் நின்ற நிலையில் சொன்னாள்.

"அக்கா, நீங்க சொன்னதை நான் நம்புதேன். தியேட்டர்ல நீங்க என்னைப் பாத்துப் பாத்துச் சிரிச்சியளே, அதை நான் கண்டேன். ஒரு நல்ல காது டாக்டரைப் போய்க் காணுங்க. நாளைக்கே."

"கண்டு என்ன செய்ய சுமி? எனக்க அம்மைக்கும் இப்பிடித்தான். அது போனா போனதாக்கும்."

"அது டாக்டர் சொல்லட்டு."

அன்று சாயந்திரம் எப்சியை உட்கார வைத்து, ஜெபகுமாரி எல்லாவற்றையும் சொன்னாள். எப்சி, "அப்ப நான் விளிச்சது ஒண்ணும் உனக்குக் கேக்கல்லியா? நான் உனக்க மேல கோவப்பட்டுட்டே இருந்தேனே" என்று சொல்லி, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

திருவனந்தபுரத்தில் அந்த டாக்டர் ஒரு பெண். சின்ன உருவம், அவசரமில்லாத பேச்சு. காது சோதிக்கிற ஒரு இரும்புக் கவட்டையைத் தட்டி, ஜெபகுமாரியின் காதுக்கு முன்னால் பிடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதே கவட்டையைத் தட்டி, காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தி வைத்தார். ஜெபகுமாரி திடுக்கிட்டாள். சர்ச் மணி போல உள்ளே ஒலித்தது.

டாக்டர் சிரித்தார். பிறகு சத்தமாக, மலையாளத்தில் கேட்டார்: "பஸ்ஸிலும் டிரெயினிலும் ஒக்கெ நன்னாயிட்டு கேள்க்குமோ? நல்ல ஒச்சயுள்ள ஸ்தலத்து?"

இரைச்சலான இடத்தில் நன்றாகக் கேட்குமா என்று கேட்கிறார். யாரோ தன் வீட்டுக்குள் வந்து, பூட்டி வைத்திருந்த அறையைத் திறந்துவிட்டதுபோல இருந்தது ஜெபகுமாரிக்கு.

"கேக்கும் டாக்டர். டிரெயின்லதான் நல்லாக் கேக்கும். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

இந்த நோய் உள்ளவர்கள் நிறையப் பேர் அப்படிச் சொல்வார்கள் என்றார் டாக்டர். காதுக்குள் அரிசி மணியைவிடச் சிறிய எலும்பு ஒன்று உண்டு. சத்தம் வரும்போது அது அசைந்து கொடுக்க வேண்டும். ஜெபகுமாரிக்கு அது இறுகிப்போயிருக்கிறது, அசைவதில்லை. இரைச்சலான இடத்தில் மற்றவர்கள் தங்களுக்கே தெரியாமல் கத்திப் பேசுவார்கள். அந்தக் கத்தல் இவளுக்குச் சரியான அளவாக வந்து சேரும். சுற்றியிருக்கிற இரைச்சலோ மற்றவர்களைத் தொந்தரவு செய்கிற அளவுக்கு இவளைத் தொடுவதில்லை. தன் குரல் தனக்குள் பெரிதாகக் கேட்பதால் மெதுவாகத்தான் பேசுவாள். நரம்புக்கு ஒரு கேடும் இல்லை. ஆபரேஷன் செய்து அந்த எலும்பை மாற்றிச் சின்னதாக ஒன்றை வைத்தால், பெரும்பாலானவர்களுக்குக் காது திரும்பிவிடும்.

"குடும்பத்துல வேற ஆருக்காவது உண்டா?" என்று எப்சியைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்க அம்மைக்கு" என்றாள் ஜெபகுமாரி. "அவங்களுக்கும் இதுதானா? அவங்களுக்கும் மாத்தியிருக்கலாமா?"

"இருந்திருக்கலாம். பார்க்காம சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

வெளியே வந்து வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்ததும் ஜெபகுமாரிக்கு அழுகை வந்தது. எதற்கு அழுகிறோம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. நோயின் பெயர்கூடத் தெரியாமல் போய்ச் சேர்ந்த அம்மாவுக்காக ஒரு பாதி. மீதிப் பாதி நிம்மதி. பொய் சொல்லவில்லை. கற்பனை இல்லை. எனக்கு இருக்கிற இந்தக் கிறுக்குத்தனமான செவிடுக்கு ஒரு பெயர் இருக்கிறது, புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், அந்தச் சின்ன டாக்டரம்மாவுக்கு நான் சொல்வதற்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. நெஞ்சில் வைத்திருந்த கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்துவிட்டார்கள்.

"அம்மா, பஸ்ஸுக்குப் போவமா?" என்றாள் எப்சி அவள் காதருகில் சத்தமாக.

"வேண்டாம். டிரெயினுக்குப் போவோம். நீயும் வா. நான் சொன்னா சஜி நம்ப மாட்டான், நீ சொல்லு."

சாயந்திரப் பாசஞ்சரில் அந்தக் கூட்டம் வழக்கமான இடத்தில் இருந்தது. சதாசிவன் ஜன்னலோரம், கொஞ்சம் மெலிந்திருந்தார். அவளைக் கண்டதும், "வா பிள்ளே, வா வா" என்று நகர்ந்து இடம் போட்டார். சஜி செல்போனைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

வண்டி நகர்ந்து வேகம் பிடித்ததும் எப்சி சொல்ல ஆரம்பித்தாள். சின்ன எலும்பு, இரைச்சல், கத்தல், எல்லாவற்றையும். சுமி தலையாட்டிக்கொண்டே கேட்டாள். சதாசிவன் தொடையில் அடித்துக்கொண்டார்.

"அப்பிடி வா! இந்த வண்டியில இருக்கவன் எல்லாம் தொண்டை கிழியக் கத்துவான். இந்தா இந்தச் சஜி கத்துதானே, இவனுக்க அம்மைக்குக்கூட இவ்வளவு கேக்காது. உனக்குக் கேக்காம இருக்குமா?"

சஜி எழுந்து நின்றான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அக்கா, அன்னைக்கு எனக்கு வெப்ராளத்துல, பயத்துல வாயில வந்ததைச் சொல்லிப்போட்டேன். கோர்ட் படம் பாதியோட நிக்குது. நாங்க ஆரும் மீதியைப் பாக்கல்ல."

"ஏன்?"

"நீங்க இல்லாம என்னத்துக்கு?"

அவன் முகத்தைப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. வடைக்காரன் அந்த நேரம் பார்த்து வந்தான். சஜி எல்லோருக்கும் பருப்புவடை வாங்கி, முதலில் அவள் கையில் வைத்தான். அப்புறம் திடீரென்று ஏதோ நினைவு வந்தவன்போலக் கேட்டான்:

"அப்ப அந்த அண்ணன் தம்பி படம்? மன்னிப்புக் கேக்க வந்தான்னு சொன்னியளே?"

"அது நானா உண்டாக்கினது மக்கா. அவன் வீடு விக்க வந்தவன்னு எனக்குத் தெரியாது."

ஒரு நொடி எல்லோரும் வாயில் வடையோடு இருந்தார்கள். சதாசிவன்தான் முதலில் வெடித்தார். "அட பாவி! நீ சொன்னதை நம்பி நான் பின்னயும் ஒருக்கப் போய்ப் பாத்தேனே! கண்ணு நெறஞ்சு போச்சே எனக்கு!" பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள். ஜெபகுமாரி எல்லோரோடும் சேர்ந்து, சரியான நேரத்தில் சிரித்தாள்.

ஆபரேஷனுக்கு விஜயதாஸ் லீவு போட்டு வந்தார். அபூர்வமாகச் சிலருக்கு இருக்கிறதும் போய்விடலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால், முந்தின நாள் அவரும் அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு காதில்தான் செய்தார்கள். மயக்கம் தராமல் மரத்துப்போக வைத்துச் செய்தார்கள். உள்ளே ஏதோ உரசுவதும் தட்டுவதும் தெரிந்தது. திடீரென்று, வெகு பக்கத்தில், யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்தார்கள். அந்த நர்ஸ் அதுவரை அங்கேதான் நடந்துகொண்டிருந்திருக்க வேண்டும். மேஜைமேல் கத்தரிக்கோல் வைக்கிற சத்தம் கேட்டது. டாக்டர் முகமூடிக்குள்ளிருந்து, கத்தாமல், சாதாரணமாகக் கேட்டார்: "கேள்க்குந்நுண்டோ?"

"உண்டு" என்றாள் ஜெபகுமாரி. "உண்டு டாக்டர். உண்டு."

வீட்டுக்கு வந்து முதல் சில நாள் தலை சுற்றியது. அது நின்றதும் சத்தங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பிரிட்ஜ் இரைவதைக் கேட்டு, ரிப்பேர் ஆகிவிட்டதோ என்று விஜயதாஸைக் கூப்பிட்டுக் காட்டினாள். அது வாங்கின நாள் முதல் அப்படித்தான் இரைகிறது என்றார் அவர். அடுத்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் இவ்வளவு சண்டை போடுகிறவர்கள் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கருத்தாகக் கேட்டு எப்சிக்குச் சொன்னாள். குரலும் மாறிவிட்டது. அவள் தன்னையறியாமல் சத்தமாகப் பேசத் தொடங்கியிருந்தாள். "அம்மா, மெள்ள" என்று எப்சி கையைக் காட்டுவாள்.

ரயிலுக்குத் திரும்பியபோது ஒரு கூத்து நடந்தது. சக்கரத்தின் தடதடப்பு காதை அடைத்தது. சதாசிவன் என்னவோ சொல்கிறார், பாதி விளங்கவில்லை. "என்ன அண்ணா? என்ன சொன்னிய? இன்னும் ஒருக்கச் சொல்லுங்க" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை காலத்தில் ஒருவரிடமும் அவள் வாயிலிருந்து வராத வார்த்தை அது. சதாசிவன் திருப்பிச் சொன்னார். பெரிய விஷயம் ஒன்றுமில்லை, ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு வருகிறாயா என்று கேட்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி நெய்யாற்றின்கரைக்குப் போனார்கள். கோர்ட் படம் எப்போதோ போய்விட்டிருந்தது. புதிதாக ஒரு குடும்பப் படம் வந்திருந்தது, சுமியின் தேர்வு. மழை, பழைய வீடு, சாகக் கிடக்கிற அப்பா, ஒன்றுகூடுகிற பிள்ளைகள். சதாசிவன் வயிறு நிறையச் சோறு தின்றுவிட்டு வந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

விளக்கு அணைந்தது. ஜெபகுமாரி கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். திரையில் ஒரு பெண் ஜன்னலைச் சாத்திக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, ஏதோ சொன்னாள். உதடு தெரியவில்லை. ஆனால் சொன்னது கேட்டது. "சாரல் அடிக்குது." அவ்வளவுதான் வசனம். ஜெபகுமாரியின் கை தானாகத் தளர்ந்தது. அதற்குப் பிறகு அவள் யார் முகத்தையும் ஓரக்கண்ணால் பார்க்கவில்லை. இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். இடைவேளைக்குப் பிறகு அவள் முகம் மெல்ல மெல்லச் சுருங்கத் தொடங்கியது.

வெளியே வந்ததும் சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்பிடி அக்கா படம்?"

"கொள்ளூல்ல."

"என்னது?"

"கொள்ளவே கொள்ளாது. பாக்க அழகாட்டு உண்டு. ஆனா அந்த அப்பன் சாவதுக்கு முன்ன பேசுத பேச்சு இருக்கே, எம்மா! மூச்சு விடக் கஷ்டப்படுத மனுசன் இவ்வளவா பேசுவான்? பிள்ளைங்க எல்லாம் பள்ளிக்கூட மேடையில மனப்பாடம் சொல்லுத மாதிரி ஒப்பிக்குது. ஒரு வசனம் வாயில நிக்கல்ல."

"அக்கா, அது உணர்ச்சியாக்கும்!"

"என்ன உணர்ச்சி? காது வலிச்சுப்போச்சு எனக்கு."

சஜி கை தட்டினான். "அப்பிடிச் சொல்லுங்க அக்கா! இதுக்குத்தான் நான் அந்த அடிதடிப் படத்துக்குப் போவம்னு சொன்னேன்."

"அது இதைவிட மோசமாட்டு இருக்கும்லே" என்றார் சதாசிவன். அதற்குச் சஜி ஒன்று சொல்ல, சுமி கோபித்துக்கொண்டு முன்னால் நடக்க, ஜெபகுமாரி அவளை எட்டிப் பிடித்து, மழைக் காட்சி மட்டும் நன்றாக இருந்தது என்று ஒத்துக்கொண்டாள். சுமி அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அப்படியே பஸ் ஸ்டாண்டுவரை சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். பாறசாலை பஸ் வந்து நின்றது, கண்டக்டர் மணியடித்தார், ஜெபகுமாரி படியில் ஏறி நின்ற பிறகும், அந்த அப்பாவின் வசனத்தை எப்படி ரெண்டே வார்த்தையில் முடித்திருக்கலாம் என்று சுமிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.